ப்ளஸ் டூ பொதுத்தேர்வும் நீட்டும்: நடுவில் மறந்துபோகும் ப்ளஸ் ஒன் பாடம்

தமிழ்நாட்டில் உயிரியல் பாடம் எடுத்துப் படிக்கும் ப்ளஸ் டூ மாணவர்கள் ஒரே ஆண்டில் இரண்டு பெரிய தேர்வுகளைச் சந்திக்கிறார்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு, மே முதல் ஞாயிற்றுக்கிழமை நீட். 2017-க்கு முந்தைய சில ஆண்டுகளில் பொதுத்தேர்வு மதிப்பெண்ணே மருத்துவ இடத்தைத் தீர்மானித்தது. அதனால் இந்த இழுபறி அன்றைக்கு இல்லை. இப்போது எம்பிபிஎஸ் இடத்துக்கு நீட் மதிப்பெண்தான் கணக்கு. மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு.

"பள்ளிப் பாடத்தைக் குறைத்துக்கொண்டு நீட்டுக்குப் படி" என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். "முதலில் பொதுத்தேர்வை முடி, நீட்டை அப்புறம் பார்க்கலாம்" என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். இரண்டு ஆலோசனையுமே தவறான இடத்தில் போய் நிற்கின்றன. ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## இரண்டு தேர்வுகளின் அமைப்பு

முதலில் பொதுத்தேர்வு. ஆறு பாடம், பாடத்துக்கு 100 வீதம் 600 மதிப்பெண். அறிவியல் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. இயற்பியல், வேதியியல் வினாத்தாளில் 15 ஒரு மதிப்பெண் கேள்விகள் இருக்கும். அதன்பின் 2 மதிப்பெண்ணில் ஆறு, 3 மதிப்பெண்ணில் ஆறு, 5 மதிப்பெண்ணில் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். உயிரியலில் தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35. கேள்விகள் எல்லாம் ப்ளஸ் டூ புத்தகத்திலிருந்து மட்டும் வரும்.

அடுத்து நீட். 180 கேள்விகள், 720 மதிப்பெண். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 கழியும், விடையளிக்காமல் விட்டால் பூஜ்ஜியம். கொரோனா காலத்தில் கொண்டுவந்த சாய்ஸ் கேள்விகளும் பின்னர் கூட்டிக்கொடுத்த 20 நிமிடமும் 2025-இல் எடுக்கப்பட்டுவிட்டன. இப்போது 180 நிமிடத்தில் 180 கேள்வி. பாடப்பகுதியில் ஏறக்குறைய பாதி ப்ளஸ் ஒன்னில் படித்தது.

இந்தக் கடைசி வரியை இரண்டாவது முறை படிக்கலாம். கட்டுரையில் இனி வருவதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

## ஒரே பாடம், இரண்டு விதமான கேள்வி

ப்ளஸ் டூ வேதியியலில் வேதிவினை வேகவியல் என்று ஒரு பாடம். அதில் முதல் வகை வினையை எடுத்துக்கொள்வோம்.

பொதுத்தேர்வில், "முதல் வகை வினையின் வினைவேக மாறிலிக்கான தொகைப்படுத்தப்பட்ட சமன்பாட்டைத் தருவி" என்று 5 மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள். மாணவர் வினைவேக விதியை எழுதி, தொகைப்படுத்தி, தொடக்கத்தில் காலம் பூஜ்ஜியம் என்று போட்டு மாறிலியைக் கண்டுபிடித்து, மடக்கை வடிவத்தில் கொண்டுவந்து முடிக்க வேண்டும். படிப்படியாக எழுத வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் இருக்கிறது.

நீட்டில் அதே பாடம் இப்படி வரும்: "ஒரு முதல் வகை வினையின் அரைவாழ் காலம் 10 நிமிடம். வினை 87.5 விழுக்காடு நிறைவடைய எவ்வளவு நேரம் ஆகும்?" சமன்பாட்டை எழுதி, 2.303-ஐப் போட்டுப் பெருக்க ஆரம்பித்தால் இரண்டு மூன்று நிமிடம் போய்விடும். பாடம் புரிந்தவர் வேறு மாதிரி யோசிப்பார். 100 முதலில் 50 ஆகும், அது 25 ஆகும், அது 12.5 ஆகும். மூன்று அரைவாழ் காலம், 30 நிமிடம். பேனாவே தேவையில்லை.

தேர்ந்தெடுக்கக் கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் 17.5 நிமிடம் என்றும் ஒன்று இருக்கலாம். பூஜ்ய வகை வினையாக இருந்தால் அதுதான் சரியான விடை. இரண்டு வகையையும் குழப்பிக்கொண்டவர் அதில் விழுவார். முதல் வகை வினையில் அரைவாழ் காலம் தொடக்கச் செறிவைச் சார்ந்ததல்ல, பூஜ்ய வகையில் சார்ந்தது. இந்த வேறுபாடு எங்கிருந்து தெரிகிறது? அந்த 5 மதிப்பெண் தருவித்தலிலிருந்துதான். தருவித்தலை மனப்பாடம் செய்தவருக்குப் பொதுத்தேர்வில் மதிப்பெண் கிடைக்கும், நீட்டில் கிடைக்காது. புரிந்து படித்தவருக்கு இரண்டிலும் கிடைக்கும்.

உயிரியலிலும் இதே கதைதான். மூடுவிதைத் தாவரங்களின் இரட்டைக் கருவுறுதலைப் படம் வரைந்து விளக்கச் சொல்வது பொதுத்தேர்வு. இலைச் செல்லில் 24 குரோமோசோம் இருந்தால் கருவூண் திசுவின் செல்லில் எத்தனை இருக்கும் என்பது நீட். இலைச் செல் இருமடியம், கருவூண் திசு மும்மடியம் என்று தெரிந்தால் 36 என்று உடனே வரும்.

ஆக, ப்ளஸ் டூ பாடத்தைப் பொறுத்தவரை இரண்டு தேர்வுக்கும் படிக்க வேண்டியது ஒன்றே. செய்ய வேண்டிய பயிற்சிதான் இரண்டு. ஒன்று எழுதிப் பார்ப்பது, மற்றது கேள்விகளை வேகமாகப் போட்டுப் பார்ப்பது. இரண்டாவதற்கு வெளியே எங்கும் அலைய வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் பாடம் முடிந்ததும் வரும் பயிற்சியிலேயே சில கேள்விகளுக்குப் பக்கத்தில் நீட் என்றும் ஆண்டும் அச்சாகியிருக்கும். ஏற்கெனவே நீட்டில் கேட்கப்பட்டவை அவை. புக் பேக் கேள்விகளை விடையை மட்டும் பார்த்து மனப்பாடம் செய்யும் பழக்கம் நம் பிள்ளைகளிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்தக் கேள்விகளையே கணக்கு போட்டு விடை கண்டால், இரண்டு தேர்வுக்கும் சேர்த்துப் படித்ததாகிவிடும்.

## நெருக்கடி உண்மையில் எங்கே?

ப்ளஸ் டூ பாடத்தில் இரண்டு தேர்வுக்கும் மோதல் அதிகம் இல்லையென்றால் பிள்ளைகள் ஏன் திணறுகிறார்கள்? அவர்களைத் திணறவைப்பது ப்ளஸ் ஒன் பாடம்.

நீட் இயற்பியலில் இயக்கவியல், வேலை-ஆற்றல், சுழற்சி இயக்கம், ஈர்ப்பு, வெப்ப இயக்கவியல், அலைவுகள் எல்லாம் ப்ளஸ் ஒன். வேதியியலில் வேதிப் பிணைப்பு, வெப்ப இயக்கவியல், சமநிலை, கரிம வேதியியலின் அடிப்படைகள் ப்ளஸ் ஒன். உயிரியலில் மனித உடற்செயலியல் முழுவதும், தாவர உடற்செயலியல், செல் உயிரியல், வகைப்பாடு ஆகியவையும் ப்ளஸ் ஒன். அதிக கேள்வி வரும் பகுதிகளும் இவற்றில் அடக்கம்.

இந்தப் பாடங்களை மாணவர் ஒரு ஆண்டு முன்பு படித்தார். ப்ளஸ் டூ தொடங்கியதும் மூடிவைத்தார். காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுகள், பிப்ரவரியில் செய்முறை, மார்ச்சில் பொதுத்தேர்வு என எதிலும் ப்ளஸ் ஒன் கேள்வி ஒன்றுகூட வராது. ஏப்ரலில் புத்தகத்தைத் திறக்கும்போது பாதி மறந்திருக்கும்.

கையில் எத்தனை நாள் இருக்கும்? 2024-இல் ப்ளஸ் டூ தேர்வு மார்ச் 22-இல் முடிந்தது, நீட் மே 5-இல் நடந்தது. இடையில் 43 நாள். 2025-இல் மார்ச் 25-இல் முடிந்து மே 4-இல் நீட், இடையில் 39 நாள். இந்த ஆறு வாரத்துக்குள் ஒரு முழு ஆண்டுப் பாடத்தைத் திரும்பப் பிடித்து, ப்ளஸ் டூ பாடத்தையும் நீட் முறையில் பார்த்து, மாதிரித் தேர்வுகளும் எழுத வேண்டும். "பொதுத்தேர்வை முடி, அப்புறம் நீட்" என்ற ஆலோசனை உடைந்துபோவது இங்கேதான்.

இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2017-18 கல்வியாண்டில் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். ப்ளஸ் ஒன் பாடத்தையே நடத்தாமல் இரண்டு ஆண்டும் ப்ளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளுக்கு அது ஒரு கடிவாளமாக இருந்தது. மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியானபோது, 2025-26 முதல் அந்தப் பொதுத்தேர்வு கிடையாது என்று அறிவிக்கப்பட்டது. பிள்ளைகளின் தேர்வுச் சுமை குறைவது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பழைய வழக்கம் திரும்பி வந்துவிடக் கூடாது. ப்ளஸ் ஒன்னை ஒப்புக்கு நடத்திவிட்டு அக்டோபரிலேயே ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பிக்கும் பள்ளி, நூற்றுக்கு நூறு வாங்கித் தந்தாலும் நீட் எழுதப்போகும் பிள்ளைக்கு அநியாயம் செய்கிறது. பெற்றோர் ப்ளஸ் ஒன் சேர்க்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

## இடம் மாறிக் கிடக்கும் பாடங்கள்

நீட் பாடத்திட்டம் மத்திய அரசின் என்சிஇஆர்டி பாடப் புத்தகங்களை ஒட்டியது. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் பெரும்பாலும் அதே பாடங்கள் இருக்கின்றன, சில மட்டும் வகுப்பு மாறியிருக்கும். கரைசல்கள், ஹேலோ ஆல்கேன்கள் நமக்கு ப்ளஸ் ஒன்னில் வருகின்றன, என்சிஇஆர்டியில் அவை 12-ஆம் வகுப்பு. அயனிச் சமநிலை நமக்கு ப்ளஸ் டூவில், அங்கே 11-இல். வெளியே உள்ள நீட் பயிற்சி நிறுவனத்தின் கால அட்டவணையை அப்படியே பின்பற்றினால் பள்ளியில் நடத்தாத பாடத்துக்கு அங்கே தேர்வு வைப்பார்கள். பிள்ளை தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்ளும். 2024 நீட்டுக்காகப் பாடத்திட்டத்தைச் சுருக்கினார்கள், அதில் சில பகுதிகள் நீங்கின. பழைய மெட்டீரியலை வைத்துப் படிப்பவர்கள், தாங்கள் எழுதும் ஆண்டுக்கு அறிவித்த பாடத்திட்டத்தோடு ஒரு முறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

## ப்ளஸ் டூ மதிப்பெண் எதற்கு?

எம்பிபிஎஸ் சேர ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் தனித்தனியாகத் தேர்ச்சி பெற வேண்டும். முதல் மூன்றிலும் சேர்த்துப் பொதுப் பிரிவினருக்கு 50 விழுக்காடு, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு வேண்டும். அதாவது 300-க்கு 150 அல்லது 120. அதற்கு மேல் எவ்வளவு வாங்கினாலும் மருத்துவத் தரவரிசையில் ஏறாது. "அப்படியென்றால் பாஸ் மார்க் போதுமே" என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

அது ஆபத்தான கணக்கு. காரணங்கள்:

1. இடங்கள் குறைவு. 2025-இல் நாடு முழுவதும் 22 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நீட் எழுதினார்கள், 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தகுதி பெற்றார்கள். எம்பிபிஎஸ் இடங்கள் ஒரு லட்சத்து இருபதாயிரம் அளவில்தான் இருந்தன. அதில் ஏறக்குறைய பாதி கட்டணம் அதிகமான தனியார் கல்லூரிகளில் இருக்கிறது.

2. தகுதி வேறு, இடம் வேறு. தகுதிக்குப் பொதுப் பிரிவில் 50 பர்சென்டைல் வேண்டும் என்றால் 720-இல் 360 வாங்க வேண்டும் என்று பொருளில்லை. எழுதியவர்களில் பாதிப் பேரைவிட மேலே இருந்தால் போதும். 2025-இல் அந்தக் கோடு 144 மதிப்பெண்ணில் விழுந்தது. 150 வாங்கித் தகுதி பெற்ற பிள்ளையின் வீட்டில் இனிப்பு கொடுத்துவிட்டு, கலந்தாய்வில் பெயர் எட்டவே இல்லை என்று தெரிந்ததும் உடைந்துபோகிறார்கள்.

3. மற்ற கதவுகள் ப்ளஸ் டூ மதிப்பெண்ணில்தான் திறக்கின்றன. கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்கள், வேளாண்மை, பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம் எல்லாம் அந்த வகை. உயிரியலோடு கணிதமும் எடுத்த பயோ-மேத்ஸ் மாணவர்களுக்குப் பொறியியலும் உண்டு. பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இயற்பியலில் 2 மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் 1 போகும்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் ப்ளஸ் டூ வரை படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. போட்டி அவர்களுக்குள்ளேயே நடப்பதால் கட்-ஆஃப் பொதுப் போட்டியைவிடக் குறைவாக இருக்கும், கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதைத் தெரியாமலே "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது" என்று விண்ணப்பிக்காமல் விடும் குடும்பங்கள் இன்னமும் இருக்கின்றன. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்ல வேண்டும்.

## ஆண்டை எப்படிப் பிரிப்பது?

பாடம் பாடமாகப் பிரித்தால் குழப்பம்தான் மிஞ்சும். காலத்துக்கு ஏற்றபடி பயிற்சியின் வகையை மாற்றுவதுதான் சரியாக வரும்.

1. ஜூன் முதல் டிசம்பர் வரை: பள்ளியில் ஒரு பாடம் முடிந்த வாரத்திலேயே அந்தப் பாடத்தில் நீட் கேள்விகளைப் போட்டுப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. வார நாட்களில் ப்ளஸ் டூ மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ப்ளஸ் ஒன்னுக்கு. ஒரு ஞாயிறு ஒரு பெரிய பாடம் என்று வைத்தாலும் டிசம்பருக்குள் முக்கியமான பாடங்களை ஒரு சுற்று பார்த்துவிடலாம். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளும் ப்ளஸ் ஒன்னுக்கே போகட்டும். முழு ஆண்டிலும் பலன் அதிகம் தரும் ஏற்பாடு இதுதான். முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

2. ஜனவரி, பிப்ரவரி: திருப்புதல் தேர்வுகளின் காலம். இப்போது எழுதிப் பார்ப்பதற்கு முதலிடம். தருவித்தல், படம், 5 மதிப்பெண் விடைகளை நேரம் வைத்து எழுத வேண்டும். ப்ளஸ் ஒன்னை முழுக்க விட்டுவிடாமல் தினமும் அரை மணி நேரம் கேள்வி மட்டும் போட்டால், படித்தது நழுவாமல் இருக்கும்.

3. மார்ச்: பொதுத்தேர்வு மட்டும். தேர்வுகளுக்கு நடுவே மூன்று நான்கு நாள் இடைவெளி கிடைக்கும். அதில் நீட் மாக் டெஸ்ட் எழுதச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இரண்டு விதமான வேகத்துக்கு மனது மாறி மாறி ஓடினால் இரண்டுமே கெடும்.

4. மார்ச் கடைசி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை: இரண்டு நாள் ஓய்வு. பிறகு பெரும்பகுதி நேரம் ப்ளஸ் ஒன்னுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்து வைத்திருந்தால் இது திருப்புதலாக இருக்கும். பார்க்காமல் விட்டிருந்தால், எல்லாவற்றையும் தொட முயலாமல் உயிரியலை முழுமையாகவும், வேதியியலில் அடிப்படைகளையும், இயற்பியலில் தெரிந்த பாடங்களையும் மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. 90 கேள்வி, 360 மதிப்பெண் உயிரியலில் இருக்கிறது. மொத்த மதிப்பெண் சமமானால் முதலில் பார்ப்பதும் உயிரியல் மதிப்பெண்ணைத்தான்.

5. ஏப்ரல் பின்பாதி: முழு மாதிரித் தேர்வுகள். 2025-இல் நீட் மதியம் 2 மணி முதல் 5 மணி வரை நடந்தது. அதே நேரத்தில், ஓஎம்ஆர் தாளில் வட்டத்தை நிரப்பி எழுதிப் பார்க்க வேண்டும். சாப்பிட்டுவிட்டு மதியம் உட்கார்ந்தால் தூக்கம் வரும் பிள்ளைக்கு அதைப் பழக்கிக்கொள்ள இதுதான் வாய்ப்பு. தேர்வு எழுதிய நேரத்தைவிட அதைத் திருத்தும் நேரம் அதிகமாக இருக்கட்டும். தெரியாமல் தவறியது, கவனக்குறைவில் தவறியது, ஊகித்துத் தவறியது என்று மூன்றாகப் பிரித்துக் குறித்துவைத்தால் கடைசி வாரத்தில் எதைப் படிப்பது என்று தெரிந்துவிடும்.

ஊகத்தைப் பற்றி ஒரு கணக்கு. 140 கேள்வி சரி, மீதி 40-ஐத் தொடவில்லை என்றால் 560 மதிப்பெண். அந்த 40-ஐயும் போட்டு எல்லாம் தவறினால் 520. நான்கில் இரண்டு விடையை உறுதியாக நீக்க முடிந்தால் போடலாம். ஒன்றுகூடத் தெரியாத கேள்வியை விட்டுவிட்டுப் போவதே பொதுவாக நல்லது.

முன்பே ப்ளஸ் டூ முடித்து மறுபடி நீட் எழுதும் ரிப்பீட்டர்ஸ் மதிப்பெண்ணோடு ஒப்பிடாதீர்கள் என்பதையும் பெற்றோரிடம் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அந்த ஆண்டில் பொதுத்தேர்வு இல்லை, செய்முறை இல்லை. நீட்டுக்கு இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு இல்லை, உச்ச வயது வரம்பும் இல்லை. 17 வயதுப் பிள்ளை தூக்கமில்லாமல், சாப்பிடாமல், பேசாமல் ஒதுங்க ஆரம்பித்தால் மதிப்பெண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே பேசுங்கள். அரசின் 104 எண்ணிலும், டெலி மானஸ் 14416 எண்ணிலும் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது.

## தமிழ் வழியில் எழுதுபவர்களுக்கு

விண்ணப்பத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் வேறுபாடு இருந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி. 2018-இல் தமிழ் மொழிபெயர்ப்புப் பிழைகளுக்காக வழக்கு நடந்து, 49 கேள்விகளுக்குக் கருணை மதிப்பெண் தரச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதனால் தமிழில் படித்தாலும் சவ்வூடு பரவலுக்கு ஆஸ்மோசிஸ், உந்தத்துக்கு மொமெண்டம் என்று கலைச்சொற்களின் ஆங்கிலப் பெயரைப் பாட நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டே வர வேண்டும். தமிழ்க் கேள்வி குழப்பினால் பக்கத்திலேயே ஆங்கிலத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

## நீட் முடிந்த பிறகு வரும் தேதிகள்

பல குடும்பங்கள் கோட்டைவிடும் இடம் இது. 2025-இல் நீட் மே 4, ப்ளஸ் டூ முடிவு மே 8, நீட் முடிவு ஜூன் 14. பொறியியல் கலந்தாய்வுக்கான விண்ணப்பப் பதிவோ மே 7-இல் தொடங்கி ஜூன் 6-இல் முடிந்துவிட்டது. நீட் முடிவு வரட்டும் என்று காத்திருந்தவர்களுக்கு அந்தக் கதவு அதற்குள் மூடியாகிவிட்டது. ஆகவே ப்ளஸ் டூ மதிப்பெண் கைக்கு வந்த வாரத்திலேயே வேளாண்மை, கால்நடை, பொறியியல், கலை அறிவியல் என்று தகுதியுள்ள எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, தேவைப்பட்டால் முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை ஏப்ரலில் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போதே அப்பாவோ அம்மாவோ இ-சேவை மையத்துக்குப் போய் எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிள்ளையை அலையவிட வேண்டியதில்லை.